காப்பீட்டு அட்டை வலியைச் சொல்லாது

“நாரி உளையுது பிள்ளை. அடிவயித்திலையும் பிடிச்சுப் பிடிச்சு இழுக்குது.”

ஜெர்மனியின் ரூர் வட்டாரத்தில், பெண்கள் நல மருத்துவர் ஒருவரின் காத்திருப்பு அறையில் என்னிடம் இதைச் சொன்ன அக்காவுக்கு வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். யாழ்ப்பாணத்துக்காரர். கணவர் வேலைக்குப் போய்விட்டதால், மொழிபெயர்க்க மகளைக் கூட்டி வந்திருந்தார். சிறுமிக்குப் பதினொரு வயது. அன்று பள்ளிக்கூடம் போகவில்லை. வரவேற்பு மேசையில் கேட்ட கேள்விக்கு அந்தப் பிள்ளைதான் பதில் சொன்னது: “அம்மாவுக்கு முதுகு வலி.” அப்படியானால் எலும்பு மருத்துவரிடம்தான் போக வேண்டும் என்றார் மேசையில் இருந்தவர். சிறுமி அதையும் தவறில்லாமல் தாயிடம் சொன்னாள்.

நான் அலைபேசியில் தமிழில் பேசியதைக் கேட்டு அந்த அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். மகளைத் தண்ணீர் எடுத்துவர அனுப்பிவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார். மூன்று மாதமாக ரத்தப்போக்கு நிற்கவில்லை. “பிள்ளைக்கு முன்னால இதை எப்பிடிச் சொல்லுறது?”

நான் எழுந்து போய் மேசையில் விஷயத்தைச் சொன்னேன். அரை மணி நேரத்தில் மருத்துவர் பார்த்தார். ஸ்கேன் எடுத்தார், ரத்தப் பரிசோதனைக்கு எழுதினார், மருத்துவமனைக்குப் பரிந்துரைக் கடிதமும் கொடுத்தார். யாரும் ஒரு யூரோகூடக் கேட்கவில்லை. காப்பீட்டு அட்டை இருந்தது, மருத்துவர் இருந்தார், கருவிகள் இருந்தன. இருந்தும் அந்த நோய் வாசலோடு திரும்பிப் போகப் பார்த்தது. அதைச் சொல்லத் தாய்க்கு ஜெர்மன் இல்லை. தாய்க்காகச் சொல்ல வந்ததோ ஒரு குழந்தை.

அமெரிக்காவில் குடியேறிய நம் உறவினர்கள் மருத்துவம் பற்றிப் பேசினால், பேச்சு பில்லில் தொடங்கிப் பில்லில் முடியும். ஆம்புலன்ஸில் ஏறவே யோசிக்கும் கதைகளை எல்லோரும் கேட்டிருப்போம். ஜெர்மனியில் அந்தப் பயம் பெரும்பாலும் இல்லை. இங்கே புதிதாக வரும் தமிழரைத் தடுமாற வைப்பவை வேறு இரண்டு: இந்த நாட்டு மருத்துவத்தின் நடைமுறை ஒழுங்கு, அடுத்தது மொழி. முதலாவதை ஓராண்டில் கற்றுக்கொள்ளலாம். இரண்டாவதைத் தனிமனிதரின் தலையில் மட்டும் கட்டிவிட்டு நாடு ஒதுங்கி நிற்க முடியாது. மருத்துவமனையில் மொழிபெயர்ப்பு என்பது சிகிச்சையின் ஒரு பகுதி. மருந்தைப் போல, ஊசியைப் போல அதுவும் உரிமையாகக் கிடைக்க வேண்டும். பத்தாண்டுகளுக்கு மேல் இங்கே வாழ்ந்து, பலருக்குத் துணையாக மருத்துவர்களின் வாசலில் காத்திருந்த பிறகு நான் வந்து சேர்ந்திருக்கும் முடிவு இது.

தொழிலாளர் கட்டிய வீடு

ஜெர்மனியின் மருத்துவக் காப்பீட்டுக்கு வயது ஏறத்தாழ 140. சான்சலர் பிஸ்மார்க் ஆட்சியில், 1883 ஜூன் மாதம், தொழிலாளர்களுக்கான நோய்க் காப்பீட்டுச் சட்டம் நிறைவேறியது. உலகில் ஒரு நாடு முழுமைக்குமான கட்டாய மருத்துவக் காப்பீடு அதிலிருந்துதான் தொடங்குகிறது. இன்று மக்கள்தொகையில் பத்தில் ஒன்பது பேர் பொதுக் காப்பீட்டில் இருக்கிறார்கள். அதை நடத்துபவை ‘கிராங்கன்காசே’ என்னும் காப்பீட்டு நிதியங்கள். ஏறக்குறைய தொண்ணூற்றைந்து நிதியங்கள் இருக்கின்றன. எதில் சேர்வது என்பதை நாமே தேர்ந்துகொள்ளலாம்.

கணக்கு எளிமையானது. மொத்தச் சம்பளத்தில் 14.6 சதவீதம் அடிப்படைச் சந்தா. அதோடு நிதியத்துக்கு நிதியம் மாறும் கூடுதல் சந்தா ஒன்று உண்டு. 2025ஆம் ஆண்டுக்கு அரசு அறிவித்த சராசரி 2.5 சதவீதம். இரண்டிலும் பாதியை முதலாளி கட்டுகிறார். அந்த ஆண்டுக் கணக்கில், மாதம் 4,000 யூரோ சம்பளம் வாங்கியவரின் சம்பளச் சீட்டில் இதற்காக 342 யூரோ பிடித்தம் இருந்தது. வருமானம் இல்லாத கணவனோ மனைவியோ, குழந்தைகளோ இருந்தால் அவர்களுக்கும் அதே சந்தாவில் காப்பீடு. நான்கு பேர் குடும்பமானாலும் ஒற்றை ஆளானாலும் பிடித்தம் மாறாது. மருத்துவரிடம் அட்டையை நீட்டினால் போதும். மருந்துக்குப் பெரும்பாலும் 5 முதல் 10 யூரோ வரை நம் பங்கு. மருத்துவமனையில் படுத்தால் ஒரு நாளைக்கு 10 யூரோ, அதுவும் ஆண்டுக்கு 28 நாள் வரைதான். பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களுக்கு இவையும் கிடையாது.

வேலையில் இருப்பவருக்கு நோய் வந்தால் ஆறு வாரம் முழுச் சம்பளம் தொடர்கிறது. அதற்கு மேலும் நோய் நீடித்தால், மொத்தச் சம்பளத்தில் 70 சதவீதம் வரை காப்பீட்டு நிதியம் தருகிறது. பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் தாயோ தந்தையோ வீட்டில் இருந்து பார்த்துக்கொள்ளவும் உதவித்தொகை உண்டு. இவற்றைப் புதிதாக வந்த பலர் கேட்டுப் பெறுவதே இல்லை. காய்ச்சலோடு வேலைக்குப் போகிறார்கள். விடுப்பு எடுத்தால் வேலை போய்விடும் என்று அஞ்சுகிறார்கள். முதல் மாதச் சம்பளத்திலிருந்தே சந்தா கட்டுபவர்கள் அவர்கள். கட்டிய பணத்துக்கான உரிமையைக் கேட்பதில் எந்தக் கூச்சமும் தேவையில்லை.

கையெழுத்துப் போடும் முன்

விமானம் ஏறும் முன்பே சிலரின் சிக்கல் தொடங்கிவிடுகிறது. ஜெர்மனியில் படிக்கும் வெளிநாட்டு மாணவர்களில் இன்று இந்தியர்களே முதலிடம். 2023-24 குளிர்காலப் பருவத்தில் மட்டும் ஏறத்தாழ 49,000 பேர். அவர்களில் கணிசமான தமிழ்ப் பிள்ளைகளும் உண்டு. முப்பது வயதுக்குட்பட்ட பல்கலைக்கழக மாணவருக்குப் பொதுக் காப்பீடு மாதம் ஏறத்தாழ 140 முதல் 150 யூரோவுக்குக் கிடைக்கிறது. அதைவிட மலிவாக இருக்கிறதே என்று முகவர் பேச்சைக் கேட்டுத் தனியார் காப்பீட்டில் சேர்பவர்கள் இருக்கிறார்கள். பொதுக் காப்பீட்டிலிருந்து விலக்குக் கேட்டு ஒரு முறை கையெழுத்துப் போட்டுவிட்டால், படிப்பு முடியும் வரை அதைத் திரும்பப் பெற முடியாது. வருகையாளர்களுக்கான மலிவுக் காப்பீடுகள் பலவற்றில் பழைய நோய்களுக்கும் மனநலச் சிகிச்சைக்கும் இடமிருக்காது. இது தெரிய வரும்போது பிள்ளை மருத்துவமனைக் கட்டிலில் இருக்கும்.

நல்ல சம்பளத்தில் வரும் மென்பொருள் பொறியாளருக்கு வேறொரு தூண்டில். ஆண்டுச் சம்பளம் ஒரு வரம்பைத் தாண்டியவர்கள் தனியார் காப்பீட்டுக்கு மாறலாம்; 2025இல் அந்த வரம்பு 73,800 யூரோவாக இருந்தது. இருபத்தெட்டு வயதில், திருமணத்துக்கு முன், சந்தா குறைவாகத்தான் தெரியும். மனைவி வந்து, இரண்டு குழந்தைகளும் பிறந்தால் ஒவ்வொரு தலைக்கும் தனிச் சந்தா. வயது ஏற ஏறத் தொகையும் ஏறும். ஐம்பத்தைந்து வயதைக் கடந்துவிட்டால் பொதுக் காப்பீட்டுக்குத் திரும்பும் வழி அநேகமாக அடைபட்டுவிடும். தனியாருக்கு மாறுவது தவறென்று நான் சொல்லவில்லை. முப்பதாண்டுக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு மாறுங்கள் என்கிறேன்.

மூன்றாவது, ஊரிலிருந்து வரும் பெற்றோர். குடும்பக் காப்பீட்டில் அம்மா அப்பாவுக்கு இடமில்லை. மூன்று மாத விசாவில் வருபவருக்குக் குறைந்தது 30,000 யூரோ பயணக் காப்பீடு வேண்டும். அதை விசாவுக்கான காகிதமாக மட்டும் பார்த்து, இருப்பதிலேயே மலிவானதை வாங்குகிறோம். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உள்ள அப்பாவுக்கு, பழைய நோய்களை விலக்கிய காப்பீடு எந்த விதத்தில் உதவும்? 2024 மார்ச் முதல் திறன் பணியாளர்கள் தம் பெற்றோரை நிரந்தரமாகவே அழைத்துவரச் சட்டம் ஒரு வாசலைத் திறந்திருக்கிறது. ஆனால் முதியவருக்குப் போதுமான காப்பீடு கிடைப்பதில்தான் பல விண்ணப்பங்கள் முட்டி நிற்கின்றன. பெட்டி கட்டும் முன் விசாரிக்க வேண்டியது இதைத்தான்.

டோக்கனும் டெர்மீனும்

எங்கள் திருச்சியில் மாலை ஆறு மணிக்கு எந்த மருத்துவரின் கிளினிக்குக்கும் போகலாம். டோக்கன் வாங்கி உட்கார்ந்தால், பத்து மணிக்குள்ளாவது பார்த்துவிடலாம். இதய நோய் மருத்துவரை நேரே பார்க்கலாம். கையில் காசில்லாவிட்டால் அரசு மருத்துவமனை இருக்கிறது. இந்தப் பழக்கத்தோடு வருபவருக்கு ஜெர்மனியின் முதல் பாடம், ‘ஹவுஸ்ஆர்ட்ஸ்ட்’ என்னும் குடும்ப மருத்துவர். காய்ச்சலோ தலைவலியோ, முதலில் அவரிடம்தான். தோல், இதயம், நரம்பு என்று சிறப்பு மருத்துவரைப் பார்க்கப் போனால், அவருடைய பரிந்துரைச் சீட்டைப் பலரும் கேட்பார்கள். கண் மருத்துவருக்கும் பெண்கள் நல மருத்துவருக்கும் சீட்டு இல்லாமலே போகலாம். ஆனால் எல்லாவற்றுக்கும் ‘டெர்மீன்’ வேண்டும். முன்பதிவு செய்த நேரத்துக்கு இங்கே அப்படிப் பெயர். சிறப்பு மருத்துவரின் டெர்மீன் சில நேரம் மாதக்கணக்கில் தள்ளிக் கிடைக்கும். பல குடும்ப மருத்துவர்கள் புதிய நோயாளிகளைச் சேர்த்துக்கொள்வதே இல்லை.

ஆகவே புது ஊருக்குக் குடிவந்த முதல் மாதத்திலேயே, உடம்பு நன்றாக இருக்கும்போதே, ஒரு குடும்ப மருத்துவரைத் தேடிப் பதிந்துகொள்ளுங்கள். வீட்டு வாடகை ஒப்பந்தத்துக்கு அடுத்த வேலை இதுவாக இருக்கட்டும்.

இரண்டு எண்களை மனப்பாடம் செய்துகொள்ள வேண்டும். உயிருக்கு ஆபத்தென்றால் 112. இரவிலோ விடுமுறையிலோ மருத்துவர் வேண்டும், ஆனால் உயிராபத்து இல்லை என்றால் 116117. சிறப்பு மருத்துவரின் டெர்மீன் கிடைக்காமல் திண்டாடுபவர்களுக்கும் அந்த இரண்டாவது எண் உதவும். குடும்ப மருத்துவர் தம் சீட்டில் அவசரக் குறியீடு போட்டுக் கொடுத்தால், நான்கு வாரத்துக்குள் ஒரு மருத்துவரை அந்தச் சேவை ஏற்பாடு செய்துதர வேண்டும். இந்தக் குறியீட்டைப் பற்றி மருத்துவர் தாமாகச் சொல்லாமல் போகலாம். நாம் கேட்க வேண்டும்.

மருத்துவர் ஒன்றும் எழுதித் தரவில்லை என்பது நம்மவர்கள் எல்லோரும் சொல்லும் குறை. மூன்று நாள் காய்ச்சலோடு போனால் நிறையத் தண்ணீர் குடியுங்கள், ஓய்வெடுங்கள் என்று அனுப்பிவிடுவார்கள். ஆன்டிபயாட்டிக் கேட்டாலும் தரமாட்டார்கள். சீட்டில்லாமல் எந்த மருந்துக் கடையிலும் அதை வாங்கவும் முடியாது. அதற்காகத்தான் ஊரிலிருந்து வரும் ஒவ்வொரு பெட்டியிலும் உள்பாவாடைக்கும் ஊறுகாய்க்கும் நடுவே மாத்திரை அட்டைகள் வருகின்றன. என் பெட்டியிலும் வந்தன. வைரஸ் காய்ச்சலுக்கு ஆன்டிபயாட்டிக் பயன்படாது என்பதும், அதைக் கண்டபடி விழுங்கினால் உண்மையில் தேவைப்படும் நாளில் அது வேலை செய்யாது என்பதும் இன்று உலகறிந்த மருத்துவம். இந்த விஷயத்தில் ஜெர்மன் மருத்துவர் அலட்சியமாக இருப்பதாக நினைப்பது நம் தவறு. ஆனால் அவர் ஏன் மருந்து தரவில்லை என்பதை நோயாளிக்குப் புரியும்படி சொல்லாவிட்டால், அது அலட்சியமாகத்தான் தெரியும். இங்கேயும் பேச்சு மொழியில்தான் வந்து நிற்கிறது.

வீடு தேடி வரும் செவிலி

இந்த நாட்டு மருத்துவத்தில் எனக்கு மிகவும் பிடித்த ஆள் ‘ஹெபாமே’ என்னும் மகப்பேற்றுச் செவிலி. கர்ப்ப காலத்திலும் பார்ப்பார், பிரசவத்திலும் இருப்பார். குழந்தை பிறந்த பிறகு வீடு தேடி வருவார். முதல் பத்து நாள் தினமும் வரலாம். அதன் பின்னும் மூன்று மாதம் ஆகும்வரை பல முறை வருவார். குழந்தையின் எடை பார்ப்பார், தொப்புளைப் பார்ப்பார், பால் கொடுக்கச் சொல்லித் தருவார், தாய் அழுதால் பக்கத்தில் உட்காருவார். எல்லாம் காப்பீட்டுச் செலவில். நம் கிராமச் சுகாதாரச் செவிலியரை அறிந்தவர்களுக்கு இதன் அருமை உடனே புரியும். அம்மாவும் மாமியாரும் ஆயிரக்கணக்கான கல் தொலைவில் இருக்க, அந்நிய நாட்டில் பிள்ளை பெறும் பெண்ணுக்கு ஹெபாமே தாய்வீட்டின் ஒரு பங்கு.

இவரைக் கர்ப்பம் உறுதியான உடனே தேடிப் பதிய வேண்டும் என்பது நம் பெண்கள் பலருக்குத் தெரிவதில்லை. ஏழாம் மாதத்தில், வளைகாப்பை வீடியோவில் முடித்துவிட்டுத் தேடத் தொடங்கினால், பெருநகரங்களில் யாரும் கிடைக்கமாட்டார்கள். ‘முட்டர்பாஸ்’ என்னும் தாய்மைக் குறிப்பேடு 1961 முதல் இந்த நாட்டில் இருக்கிறது. அதில் பரிசோதனை முடிவுகள் அத்தனையும் பதிவாகும். அதை எப்போதும் கைப்பையில் வைத்திருக்க வேண்டும். குழந்தை பிறந்ததும் மஞ்சள் நிறக் குறிப்பேடு ஒன்று தருவார்கள். யு1 முதல் யு9 வரையான பரிசோதனைகளை உரிய வயதில் முடித்து அதில் பதிய வேண்டும். குழந்தைகள் காப்பகத்தில் சேர்க்கத் தட்டம்மைத் தடுப்பூசிச் சான்று 2020 முதல் கட்டாயம்.

பணம், நடைமுறை ஆகியவற்றில் இவ்வளவு செய்யும் நாடு இது. மொழி என்று வந்தால்தான் கையை விரிக்கிறது.

மருத்துவருக்கு எட்டாத சொற்கள்

தமிழில் வலிக்கு எத்தனை சொற்கள்! குத்துது, கடுக்குது, எரியுது, உளையுது, சுருக்கென்குது, விண்விண்ணென்று தெறிக்குது, மதமதன்னு இருக்குது, மரத்துப்போச்சு. ஒவ்வொன்றும் ஒவ்வொரு நோயைக் கைகாட்டும். ஜெர்மன் மருத்துவரும் இதைத்தான் கேட்கிறார்: குத்தலா, எரிச்சலா, இழுப்பா, மந்தமான வலியா? வலியின் தன்மையை வைத்தே நரம்பா, தசையா, குடலா என்று அவர் தீர்மானிக்கத் தொடங்குகிறார். ஆறு மாத மொழி வகுப்பில் நாம் கற்று வருவதோ, ‘வலிக்கிறது’ என்ற ஒரே சொல்.

எதிர்ப்பக்கமும் அப்படித்தான். “கிரைஸ்லவ்ஃப் எப்படி இருக்கிறது?” என்று மருத்துவர் கேட்பார். அகராதியில் பார்த்தால் ரத்த ஓட்டம் என்றிருக்கும். ஜெர்மானியர் பேச்சில் அதற்குத் தலைசுற்றல், கண் இருட்டுதல், கால் தள்ளாடுதல் எல்லாம் பொருள். ரத்த ஓட்டம் எப்படி இருக்கிறது என்று கேட்டால் நோயாளி என்ன பதில் சொல்வார்? நாம் “உடம்பு சூடு”, “வாயுப் பிடிப்பு”, “பித்தம்” என்று சொன்னால் அவர் என்ன எழுதுவார்?

தமிழ் தெரிந்தால் மட்டும் போதும் என்றும் இல்லை. நாரி என்றால் இடுப்பு என்பதை நான் இந்த நாட்டுக்கு வந்துதான் கற்றேன். யாழ்ப்பாணத்தில் தலைவலி தலையிடி ஆகிறது, ஜலதோஷம் தடிமன் ஆகிறது. ஒரே தமிழ் பேசும் நாங்களே ஒருவரையொருவர் கேட்டுத் தெளிய வேண்டியிருக்கிறது. ஒரு பதினொரு வயதுப் பிள்ளை, ஜெர்மன் பள்ளியில் படிக்கும் பிள்ளை, தாயின் கருப்பையைப் பற்றி இரு மொழியில் எப்படிப் பேசும்?

இந்தச் சுமை புதிதில்லை. இலங்கையில் தமிழருக்கு எதிராக நடந்த 1983 ஜூலை வன்முறைக்குப் பிறகு, கிழக்கு பெர்லின் விமான நிலையத்தில் இறங்கி, நகரின் மேற்குப் பகுதிக்குள் நுழைந்து தஞ்சம் கேட்ட ஈழத்தமிழர்கள் ஏராளம். இன்று ஜெர்மனியில் அறுபதாயிரம் அளவில் இருப்பதாக மதிப்பிடப்படும் ஈழத்தமிழ்ச் சமூகம் அப்படித்தான் வேர் பிடித்தது. உணவகச் சமையலறையில் இரவு வரை நின்ற தந்தைக்கும், வீட்டிலேயே இருந்த தாய்க்கும் மொழி கற்க வாய்ப்பே இருக்கவில்லை. அவர்களுக்கு வாயாக இருந்தவர்கள் பிள்ளைகள். அப்பாவுக்குப் புற்றுநோய் என்பதை மருத்துவர் வாயிலிருந்து முதலில் கேட்டு, அதைத் தமிழில் அப்பாவிடம் சொல்ல நேர்ந்த ஒரு மகளை எனக்குத் தெரியும். அப்போது அவருக்கு வயது பதினான்கு. எல்லாவற்றையும் சொல்லவில்லை, பாதியை மறைத்தேன் என்று இன்றும் சொல்லி அழுகிறார். அது அவர் குற்றம் இல்லை. அந்த நாற்காலியில் அவரை உட்கார வைத்தது பெரியவர்களின் குற்றம்.

சட்டம் எங்கே நிற்கிறது?

நோயாளிகளின் உரிமைகளுக்கான சட்டம் ஜெர்மனியில் 2013இல் நடைமுறைக்கு வந்தது. அறுவை சிகிச்சைக்கு முன் மருத்துவர் நேரில் விளக்க வேண்டும், அந்த விளக்கம் நோயாளிக்குப் புரியும்படி இருக்க வேண்டும் என்கிறது அது. மொழி புரியாத நோயாளிக்கு அதை யார் செலவில் புரியவைப்பது? பொதுக் காப்பீடு பொதுவாக மொழிபெயர்ப்பாளருக்குப் பணம் தருவதில்லை. காது கேளாதவர்களுக்குச் சைகை மொழிபெயர்ப்பாளர் சட்டப்படி உரிமை. அது மிகச் சரியானது. அதே நியாயம் அந்நிய மொழிக்காரருக்கு இன்னும் வரவில்லை. 2021இல் பதவியேற்ற மூன்று கட்சிக் கூட்டணி அரசு, மருத்துவத்தில் மொழிபெயர்ப்பைக் காப்பீட்டுச் சட்டத்தின் பகுதியாக்குவோம் என்று தன் கூட்டணி ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தது. 2024 நவம்பரில் அந்தக் கூட்டணி உடைந்தது. வாக்குறுதி சட்டமாகவில்லை.

தஞ்சம் கேட்டு வந்தவர்களின் நிலை இன்னும் கடினம். 1993ஆம் ஆண்டுச் சட்டப்படி அவர்களுக்கு முதலில் கிடைப்பது திடீர் நோய்க்கும் வலிக்குமான சிகிச்சை, மகப்பேறு, தடுப்பூசி. நாட்பட்ட நோய்க்கான சிகிச்சை பெரும்பாலும் அதிகாரியின் முடிவைப் பொறுத்தது. முழு அளவிலான சிகிச்சை கிடைக்க முன்பு 18 மாதம் காத்திருக்க வேண்டியிருந்தது. 2024 பிப்ரவரியில் அதை 36 மாதமாக ஆக்கினார்கள். பல ஊர்களில் மருத்துவரிடம் போகும் முன் சமூகநல அலுவலகத்தில் சிகிச்சைச் சீட்டு வாங்கி வர வேண்டும். பல் வலியோடு வந்தவர் முதலில் நோயை விளக்க வேண்டியது மருத்துவரிடம் அல்ல, அலுவலக ஊழியரிடம். இதற்கு மாற்று இருக்கிறது. பிரேமன் நகரம் 2005லேயே தஞ்சம் கோருவோருக்குச் சாதாரணக் காப்பீட்டு அட்டை கொடுக்கத் தொடங்கியது. ஹம்பர்க் 2012இல் அதைப் பின்பற்றியது. அந்த நகரங்கள் அதனால் நொடித்துப் போய்விடவில்லை.

மொழிக்கும் முன்மாதிரி இருக்கிறது. ஹனோவரில் உள்ள இன மருத்துவ மையம் 2003இல் ‘மிமி’ என்ற திட்டத்தைத் தொடங்கியது. புலம்பெயர்ந்தோரிலிருந்தே ஆட்களைத் தேர்ந்து, இந்த நாட்டு மருத்துவ நடைமுறையில் பயிற்சி கொடுத்து, தத்தம் மொழிக்காரர்களுக்குத் தாய்மொழியில் விளக்கம் சொல்ல அனுப்புகிறார்கள். பல மருத்துவமனைகள் தம் ஊழியர்களில் யாருக்கு எந்த மொழி தெரியும் என்று பட்டியல் வைத்திருக்கின்றன. வீடியோ வழியாக மொழிபெயர்ப்பாளரை அழைக்கும் வசதியும் சில இடங்களில் வந்துவிட்டது. முடியாத காரியம் எதையும் நாம் கேட்கவில்லை. அங்கொன்றும் இங்கொன்றுமாக நடப்பதைச் சட்டமாக்கச் சொல்கிறோம்.

இதைக் கேட்க நமக்கு உரிமை இருக்கிறது. ஆட்கள் வேண்டும் என்று அழைப்பது ஜெர்மனிதான். இந்தியத் திறன் பணியாளர்களுக்கான ஆண்டு விசா எண்ணிக்கையை 20,000இலிருந்து 90,000 ஆக உயர்த்துவதாக 2024 அக்டோபரில் டெல்லிக்கே வந்து அறிவித்தார் அப்போதைய ஜெர்மன் சான்சலர் ஓலாஃப் ஷோல்ஸ். நம் செவிலியர்கள் ஜெர்மன் கற்று இந்த நாட்டு முதியவர்களின் படுக்கையருகே நிற்கிறார்கள். முதியவரின் வலியை அவருடைய மொழியில் கேட்க வேண்டும் என்று செவிலியரிடம் எதிர்பார்க்கும் நாடு, அதே செவிலியரின் தாய்க்கு வலி வந்தால் தமிழில் கேட்க ஏற்பாடு செய்யத் தயங்கக் கூடாது.

நாம் செய்ய வேண்டியது

சட்டம் வரும்வரை கை கட்டி இருக்கவும் முடியாது. தமிழ்நாட்டிலிருந்து வெளிநாட்டுக்குச் செவிலியர்களையும் தொழில்நுட்பர்களையும் அனுப்பும் பயிற்சிகளில், நோயாளியாக இருப்பது எப்படி என்பதற்கும் ஒரு நாள் ஒதுக்க வேண்டும். எந்தக் காப்பீடு, குடும்ப மருத்துவரை எப்படித் தேடுவது, 116117 எதற்கு, நோய் விடுப்புச் சான்று எப்படி என்று அந்தந்த நாட்டுக்கு ஒரு தமிழ்க் கையேடு போதும். அயலகத் தமிழர் நலத் துறை நினைத்தால் ஆறு மாதத்தில் முடிக்கக் கூடிய வேலை இது.

ஜெர்மனியில் உள்ள தமிழ் அமைப்புகளிடம் இன்னும் அதிகம் எதிர்பார்க்கிறேன். ஊருக்கு ஊர் வார இறுதியில் தமிழ்ப் பள்ளிகள் நடக்கின்றன. பிள்ளைகளை விட்டுவிட்டுப் பெற்றோர் வாசலில் காத்திருக்கும் அந்த இரண்டு மணி நேரத்தில் மாதம் ஒரு முறை மருத்துவச் சொற்களைக் கற்றுத் தரலாம். ஹம் நகரில் 2002இல் குடமுழுக்குக் கண்ட காமாட்சி அம்பாள் கோயிலின் தேர்த் திருவிழாவுக்கு ஐரோப்பா முழுவதிலிருந்தும் ஆயிரக்கணக்கானோர் வருகிறார்கள். அன்னதானப் பந்தலுக்குப் பக்கத்தில் ஒரு மேசை போட்டு, மருத்துவம் படித்த நம் இரண்டாம் தலைமுறைப் பிள்ளைகள் நால்வரை உட்கார வைத்தால் எத்தனையோ பேரின் ஐயம் தீரும். மருத்துவமனைக்குத் துணை வரத் தயாராக இருக்கும் பெரியவர்களின் பட்டியல் ஒன்று ஒவ்வொரு ஊரிலும் இருக்க வேண்டும். அதில் பெண்கள் கட்டாயம் இருக்க வேண்டும். துணை வருபவருக்கு ஒரே விதி போதும்: கேட்டதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்வது, வெளியே வந்து யாரிடமும் சொல்லாமலிருப்பது.

புதிதாக வந்திருப்பவர்களுக்கும் ஒரு சொல். எவ்வளவு தடுமாறினாலும் ஜெர்மன் கற்பதை நிறுத்தாதீர்கள். மனைவியையும் வகுப்புக்கு அனுப்புங்கள். மருத்துவரிடம் போகும் முன் எங்கே வலி, எப்போது தொடங்கியது, எப்படிப்பட்ட வலி, என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். புரியவில்லை என்றால் தலையாட்டாதீர்கள். புரியாத படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். “எனக்குப் புரியவில்லை, மறுபடி சொல்லுங்கள்” என்ற வாக்கியத்தை ஜெர்மனில் முதல் வாரமே கற்றுக்கொள்ளுங்கள். அதைச் சொல்வதில் அவமானம் எதுவும் இல்லை. புரியும்படி சொல்வது அவர்கள் கடமை என்று சட்டமே சொல்கிறது.

அந்த யாழ்ப்பாணத்து அக்காவுக்குக் கருப்பையில் கட்டி இருந்தது. புற்றுநோய் இல்லை. அறுவை சிகிச்சைக்கு முந்தைய விளக்கத்துக்கு நானும் கூடப் போனேன். மருத்துவர் சொன்னதை நான் தமிழில் சொல்ல, அக்கா கேள்விக்கு மேல் கேள்வி கேட்டார். வீட்டில் யாரிடமும் கேட்காத கேள்விகள். நாற்பது நிமிடம் ஆனது. அவருடைய மகள் அந்த நேரம் பள்ளிக்கூடத்தில் இருந்தாள்.

ஜெர்மனியில் வாழும் ஒவ்வொரு தமிழ்க் குடும்பத்தையும் நான் கேட்பது அதைத்தான். மருத்துவரிடம் போகும் நாளில் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புங்கள். மொழி தெரிந்த ஒரு பெரியவரைத் துணைக்குக் கூப்பிடுங்கள். கூப்பிட்டால் மறுக்காமல் போங்கள்.